போஸ்டரின் பின்பக்கம்

கல்லுப்பாலத் தோட்டம், மேல்பிரிவு,
டிக்கோயா.
12.02.2001

கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு நாகலெட்சுமி எழுதுவது.

சுகம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன். என்னை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் மே மாதம் கணக்கெடுப்புக்கு வந்து எங்கள் பிள்ளைக்காம்பராவில் நான்கு நாள் பிள்ளைகளை நிறுத்து எழுதினீர்களே, அங்கே ஆயாவாக இருப்பவள் நான்தான். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் நாற்பத்து மூன்று பிள்ளைகளும் என் பொறுப்பு. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதும் குறை இருந்தால் எனக்கு எழுதுங்கோ" என்றீர்கள். இதோ எழுதுகிறேன்.

ஜனவரி மாதம் சத்துமா மூட்டை வரவில்லை. லொறி வந்தது. மூட்டைக்குப் பதிலாகச் சுருட்டிய ஒரு போஸ்டரை இறக்கிக் கொடுத்தார்கள். மாவு எங்கே என்று டிரைவரிடம் கேட்டேன். "ஒங்க தோட்டத்துல புள்ளைங்கள்லாம் கொழுத்துருச்சாம், இனிமே மாவு வேணாமாம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போஸ்டரை விரித்தால் கன்னம் உப்பிய ஒரு பையன் ஐஸ்கிறீம் தின்கிறான். மேலே சிங்களத்தில் பெரிய எழுத்து. கீழே தமிழில் பொடி எழுத்து: "கொழுத்த பிள்ளை நலமான பிள்ளை அல்ல. இனிப்பைக் குறையுங்கள். ஓடி விளையாட விடுங்கள்." இங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறி இறங்குகிறது என்று இதை எழுதினவருக்குத் தெரியுமா?

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. எங்கள் பேச்சியம்மாவை உங்களுக்குத் தெரியும். பிரேமினியின் அம்மா. அவளுக்குப் படிக்கத் தெரியாது. போஸ்டரைப் பார்த்ததும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "ஐயோ என்னா அழகு புள்ள! எந்த ஊரு புள்ளைங்க இது?" மறுநாள் மாசமாக இருக்கிற ராசம்மா வந்து அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்தால் வயிற்றுப் பிள்ளை அப்படியே பிறக்குமாம். இப்போது எங்கள் லயத்து வீடுகளில் உள்ள பிள்ளைத்தாச்சிகள் எல்லாரும் காலையில் அவன் முகத்தில்தான் விழிக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகளைக் கொழுக்க வைத்தது யார் மிஸ்? தராசா, உங்கள் பேனாவா? பதில் வேண்டும்.

நாகலெட்சுமி


கொழும்பு – 6.
03.03.2001

அன்புள்ள நாகலெட்சுமிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் கோபத்தோடு கணக்குப் பார்க்க முடியாது என்பதால் சில விஷயங்களைத் தெளிவாக எழுதுகிறேன்.

எங்கள் கணக்கெடுப்பின்படி உங்கள் பிள்ளைக்காம்பராவில் நிறை குறைந்த பிள்ளைகள் நால்வர்தான். வயதுக்கு மிஞ்சிய நிறையுள்ளவர்கள் ஐந்து பேர். நாடு முழுவதும் இதே திசையில்தான் போகிறது. 1993 இல் எடுத்த கணக்கையும் இதையும் பக்கத்தில் வைத்தால், கொழுத்த பிள்ளைகளின் கோடு ஒவ்வொரு மாவட்டத்திலும் மேலே ஏறுகிறது. நீங்கள் நம்பாவிட்டாலும் அது உண்மை. என் அக்காவின் மகன் றமணனுக்கு ஏழு வயது, முப்பத்தெட்டுக் கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறான். பள்ளிக்கூட வான் வண்டியில் போய் அதிலேயே வந்து, பின்னேரம் முழுக்க ரீவிக்கு முன்னால் பிஸ்கட்டோடு இருக்கிறான். டொக்டர் என் அக்காவை ஏசி அனுப்பியிருக்கிறார். இந்த நாட்டுக்கு இதுவும் ஒரு நோய்தான்.

உதவி தேவை கூடிய இடத்துக்குப் போகவேண்டும் என்று மேலே முடிவு செய்தார்கள். உங்கள் தோட்டத்துக்கு எதிராக யாரும் திட்டமிடவில்லை.

தராசு புதியது. ஒவ்வொரு நாளும் காலையில் சரிபார்த்தேன். வயது ஒன்றையும் நான் வாயால் கேட்டு எழுதவில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்தே எழுதினேன். அவற்றைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தது நீங்கள்தான்.

இப்படிக்கு,
சி. கேதீஸ்வரி


கல்லுப்பாலத் தோட்டம்.
20.03.2001

கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு,

றமணனுக்கு என் அன்பு. போஸ்டரை அவன் வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது. நான் கிண்டலுக்கு எழுதவில்லை. அவன் நோய் உண்மை. ஆனால் அவனுக்கு ஏறிய கிலோவை எங்கள் பிள்ளைகள் தலையில் ஏன் எழுதினீர்கள்?

சான்றிதழை எடுத்துத் தந்தது நான்தான். அப்போது வாயாலும் ஒன்று சொன்னேன். அதை மறந்துவிட்டீர்கள்.

ஜீவராஜை ஞாபகம் இருக்கிறதா? தராசிலிருந்து குதித்து இறங்கி, "மிஸ், டொபி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டவன். சான்றிதழில் அவனுக்குப் பதினான்கு மாதம். பன்னிரண்டு கிலோ எண்ணூறு. பதினான்கு மாதப் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்குமா மிஸ்? நான் அப்போதே, "இந்தத் தாள்ல உள்ள தேதி சரியில்லைங்க, இவனுக்கு ரெண்டரை வயசு தாண்டிருச்சு" என்றேன். நீங்கள், "சான்றிதழில் இருக்கிறதைத்தான் எழுத வேணும். அது சட்டம்" என்றீர்கள். உங்கள் கணக்கில் கொழுத்த ஐந்து பேரில் அவன் ஒருவன். மற்ற நால்வரும் அவனைப் போலத்தான்.

தாள் ஏன் பிழை என்று நீங்கள் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன், சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. பழைய கிளாக்கர் போனபின் இரண்டு வருடம் எங்கள் தோட்டத்தில் பிறப்புப் பதிய ஆளில்லை. பிறகு கந்தப்பன் கிளாக்கர் வந்தார். நல்ல மனிதர். பதியாமல் கிடந்த பதினான்கு பிள்ளைகளைப் பார்த்துப் பதறிப்போனார். மூன்று மாதம் தாண்டினால் சத்தியக் கடதாசி, டவுனில் கச்சேரி அலுவலகம் என்று அலைய வேண்டும். அலைந்தால் தாய்மாருக்கு வேலைப் பதிவில் பேர் விழாது, சம்பளம் போகும். அதனால், 1999 ஏப்ரலில் பதினான்கு பேரையும் அப்போதுதான் பிறந்தவர்களாகப் பதிந்துவிட்டார். இரண்டு வயது நடக்கிற பிள்ளை தாளில் கைக்குழந்தை ஆனது. அந்தப் பதினான்கு பேரின் பட்டியலை எழுதிக் கொடுத்தவள் நான். ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களுக்குக் குடியுரிமைத் தாள் கிடைத்ததே நேற்றுத்தான் மிஸ். இந்தத் தேதியை வைத்து ஒரு நாள் பிள்ளையின் வயிற்றையே நிறுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜீவராஜாவது ஓடித் திரிகிறான். அவனை விடுங்கள். பிரேமினியை யோசித்துப் பாருங்கள். அவளும் அந்தப் பதினான்கில் ஒருத்தி. தாளில் பதினான்கு மாதம், ஒன்பது கிலோ நானூறு. "சரியான நிறை" என்று பச்சைக் கட்டத்தில் புள்ளி வைத்தீர்கள். அன்று அவளுக்கு வயது இரண்டே முக்கால்.

மாவு நின்று மூன்றாவது மாதம். நான் வெறும் அரிசிக் கஞ்சி காய்ச்சுகிறேன். மற்றப் பிள்ளைகள் அழுது கேட்கும். அவள் கேட்பதும் இல்லை.

நாகலெட்சுமி


கொழும்பு – 6.
22.04.2001

அன்புள்ள நாகலெட்சுமி,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. போன கடிதம் எழுதும்போதும் ஞாபகம் இருந்தது. அதை எழுதாமல் விட்டேன். அதற்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்றும் இல்லை.

ஜீவராஜை நான் சந்தேகித்தேன். அவன் டொபி கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே பதினான்கு மாதம் என்று எழுதினேன். ஆனால் நாகலெட்சுமி, பிரேமினியை நான் சந்தேகிக்கவே இல்லை. அவள் அழுதபோது நான்தான் தூக்கி வைத்திருந்தேன். ஒரு கையால் தூக்கினேன். பதினான்கு மாதப் பிள்ளை இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இந்த ஒரு மாதமாக அந்தக் கை எனக்குப் பாரமாக இருக்கிறது.

திருத்தவேண்டும். ஆனால் எப்படி என்று தெரியவில்லை. அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. தாய்மார் வாயால் சொன்ன வயதை என் மேலதிகாரி ஏற்கமாட்டார். எழுத்தில் ஆதாரம் வேண்டும், தோட்டத்து நிர்வாகத்தின் ஒப்பமும் வேண்டும். தாய்மார் பெயர் போட்டுக் கையெழுத்து வைப்பார்களா? வைத்தால் சான்றிதழ் பொய் என்று ஆகிவிடும், அதனால் அவர்களுக்கு என்ன வருமோ என்றும் பயமாக இருக்கிறது. என்னைப் பற்றியும் பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. இந்த அலுவலகத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு இருப்பவள் நான் ஒருத்திதான். இந்த யுத்த காலத்தில் என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிக்காத கிழமை இல்லை. "பொய்த் தாள்" என்ற சொல்லை நான் வாயில் எடுத்தால் அது எங்கே போய் முடியுமோ.

ஒரு வழி சொல்லுங்கள். பிரேமினிக்கு இப்போது எத்தனை கிலோ?

கேதீஸ்வரி


கல்லுப்பாலத் தோட்டம்.
17.06.2001

அன்புள்ள மிஸ்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாந்தரம் படிக்கும்போது கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை.

தாய்மாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒருத்தியும் ஒப்பவில்லை. "தாளத் தொடாதீங்க ஆயா, புள்ள பட்டினி கெடந்தாலும் தாளு இருக்கணும்" என்றார்கள். எல்லாரும் எழுந்து போகும்போது பேச்சியம்மா மட்டும் நின்றாள்.

"எதுக்கு ஆயா பேரு? மலை நம்பரப் போடுங்க. ஒம்பதாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டி முடிச்ச மறுநாதான் பிரேமினி பொறந்தா. மொதநா வரைக்கும் நான் வெறகு பொறுக்குனேன்ல. தொரை அங்க பலகை நட்டு வச்சிருக்கான். போயிப் படிச்சுப் பாருங்க."

எங்கள் அம்மாமார் யாரும் பிள்ளை பிறந்ததைத் தேதியால் சொல்வதில்லை என்று உங்களுக்குத் தெரியாது. எந்த மலையில் தேயிலைச் செடியைத் தறித்துக் கவ்வாத்து வெட்டியபோது என்றுதான் சொல்வார்கள். வெட்டிய ஒவ்வொரு மலையின் ஓரத்திலும் பலகை ஒன்று நட்டு, மலை நம்பரும் வெட்டிய மாதமும் வருடமும் எழுதுவது தோட்டத்துச் சட்டம். பெயர் வேண்டாம் என்றதும் மற்றத் தாய்மாரும் அவரவர் மலையைச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அட்டை ஏறி இரண்டு காலிலும் இரத்தம். ஒன்பதாம் நம்பர் மலைப் பலகையில் "ஓகஸ்ட் 1997" என்று இருந்தது. பதினான்கு பிள்ளைகளுக்கும் பலகை கிடைத்தது. ஒன்றுகூடத் தாளோடு ஒத்துப்போகவில்லை.

வயது கிடைத்துவிட்டது, நிறை வேண்டுமே. பிள்ளைக்காம்பராத் தராசு உடைந்து ஆறு மாதம். அதற்கும் பேச்சியம்மாதான் வழி சொன்னாள். போன வெள்ளிக்கிழமை பகல் கொழுந்து நிறுவைக்குப் பெண்கள் எல்லாரும் வந்தார்கள். தோட்டத்தை நடத்தும் தொரையும் அங்கே நின்றார். பதினான்கு தாய்மார் கொழுந்துச் சாக்குக்குப் பின்னால் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மா பிரேமினியைச் சேலைத் துணியில் ஏணையாகக் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டினாள். "நெறுங்கய்யா" என்றாள்.

கணக்கப்பிள்ளை வீரய்யா முள்ளைப் பார்த்தார். அவருக்கு இருபது வருடப் பழக்கம். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்காமல் அவர் வாய் ஒரு நிறையையும் சொன்னதில்லை. "பத்து. சாக்குக்கு ஒண்ணு கழி, ஒம்பது" என்றார்.

பேச்சியம்மா அவர் முகத்தைப் பார்த்து, "இவகிட்ட கழிக்கிறதுக்கு என்னங்கய்யா இருக்கு?" என்று கேட்டாள்.

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு துணியைத் தனியாக நிறுத்து வந்து சொன்னார். ஒன்பது கிலோ தொள்ளாயிரம். ஒரு வருடத்தில் பிரேமினிக்கு ஏறியது அரைக் கிலோ. வயது நான்கு ஆகப்போகிறது.

தொரை, "என்ன இது கூத்து? வேலைக்குப் போங்க" என்று சத்தம் போட்டார். நான் முன்னுக்குப் போனேன். "தராசு ஒங்களுது, பலகையும் ஒங்களுதுங்க. ரெண்டும் பொய்யின்னா சொல்லுங்க, நாங்க போயிடுறோம். நெசமுன்னா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். பெண்கள் ஒருத்தியும் கூடையை எடுக்கவில்லை. கொழுந்து வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. வாடினால் யாருக்கு நட்டம் என்று அவருக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் எழுதப் பெரிய தாள் என்னிடம் இல்லை. அதனால் நீங்கள் அனுப்பிய போஸ்டரைச் சுவரிலிருந்து கழற்றி அதன் பின்பக்கத்தில் எழுதினேன். பெயர் ஒன்றும் இல்லை. "ஒன்பதாம் நம்பர் மலை, பெண், ஓகஸ்ட் 1997, 9.900." இப்படிப் பதினான்கு வரி. கீழே தொரையின் ஒப்பமும் முத்திரையும். மடித்து இத்துடன் அனுப்புகிறேன். போஸ்டரைக் கழற்றியதற்கு ராசம்மாவுக்கு என்மேல் வருத்தம்.

மிஸ், நாங்கள் பயந்துகொண்டேதான் இதைச் செய்தோம். இனி நீங்கள் செய்ய வேண்டியது உங்கள் பக்கத்தில் இருக்கிறது.

நாகலெட்சுமி


கொழும்பு – 6.
09.09.2001

அன்புள்ள நாகலெட்சுமி,

முதலில் நல்ல செய்தி. அடுத்த லொறியில் சத்துமா வரும். மறுபரிசீலனை முடியும் வரை நிறுத்தக்கூடாது என்று கடிதம் போய்விட்டது. உங்களுக்கு மட்டுமல்ல, நிறுத்திய எல்லாத் தோட்டங்களுக்கும்.

அது எப்படி வந்தது என்றும் சொல்ல வேண்டும். போஸ்டரை மேலதிகாரியின் மேசையில் விரித்தேன். முதலில் கொழுத்த பையன் பக்கம் மேலே இருந்தது. "இது நாங்கள் அனுப்பியதுதானே?" என்றார். திருப்பிப் போட்டேன். பதினான்கு வரியையும் படித்தார். பிறகு, "சான்றிதழ்கள் பொய் என்றால் அது பொலிஸ் விஷயம். பெயர்களைத் தாரும்" என்றார். தெரியாது என்றேன். "உமக்குத் தெரியும்" என்றார். தெரிந்தாலும் தரமாட்டேன் என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன். இவ்வளவு நேராக ஒரு வசனம் அந்த மொழியில் நான் பேசியதில்லை.

அறிக்கையின் இரண்டாம் பதிப்புக்கு மேற்பார்வையாளராக என் ஒப்பம் வேண்டியிருந்தது. உங்கள் பதினான்கு வரியையும் பின்னிணைப்பாகச் சேர்க்காமல் போடமாட்டேன் என்று மூன்று கிழமை உட்கார்ந்துகொண்டேன். என்னோடு சாப்பிட வருகிறவர்கள் வேறு மேசைக்குப் போனார்கள். கடைசியில் சேர்த்தார்கள். மறுநாள் என்னைக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். இப்போது தராசுகளுக்கும் போஸ்டர்களுக்கும் நான்தான் பொறுப்பு. உங்களுக்கு ஒரு புதிய தராசு அனுப்பியிருக்கிறேன். அதற்கு யாரிடமும் கேட்கவில்லை.

ஒன்று கேளுங்கள். திருத்தியபின் உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் நிறைக் கோடு ஒரேயடியாகக் கீழே விழுந்துவிட்டது. ஒரு வருடத்தில் அங்கே என்ன அழிவு நடந்தது என்று கூட்டத்தில் கேட்டார்களாம். ஒன்றும் நடக்கவில்லை, முன்பு எழுதியதுதான் பிழை என்று களஞ்சியத்திலிருந்தே எழுதி அனுப்பினேன். நகரத்துக் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாடு நன்றாக இருப்பதாகத் தெரியும். றமணனும் பிரேமினியும் ஒரே மேசையில் சாப்பிட்டால்தானே அந்தக் கணக்குச் சரி?

போஸ்டரில் அலுவலக முத்திரை விழுந்துவிட்டது. பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அது உங்களுடையது. என்னை மன்னியுங்கள் என்று எழுத வந்தேன். பேச்சியம்மாவிடம் நேரில் வந்து கேட்பதுதான் சரி.

உங்கள்
கேதீஸ்வரி


கல்லுப்பாலத் தோட்டம்.
14.08.2005

அன்புள்ள கேதீஸ்வரி மிஸ்ஸுக்கு,

நீங்கள் வந்துபோய் மூன்று வருடம் ஆகிவிட்டது. பேச்சியம்மா உங்களுக்கு ரொட்டி சுட்டுத் தந்துவிட்டு, "அந்தக் கையால ஒரு தரம் தூக்கிப் பாருங்க" என்று பிரேமினியைத் தந்ததையும், நீங்கள் இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்ததையும் இப்போதும் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுக்கு இந்த மாதம் எட்டு வயது. தாளில் ஆறு. முதலாம் வகுப்பில் எல்லாரையும்விட உயரமாக நிற்கிறாள் என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் எழுதமாட்டேன். மற்றவர்கள் அளவுதான் நிற்கிறாள். இழந்த உயரம் இழந்ததுதான். நிறை பத்தொன்பது கிலோ. வாய் மட்டும் எண்பது கிலோ இருக்கும்.

போன கிழமை அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வந்தது, இந்தத் தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. லோஜனா என்ற பிள்ளை, உங்கள் ஊர்ப் பேச்சு. வந்ததும் பிறப்புச் சான்றிதழ் கேட்டாள். தகரப் பெட்டியை எடுக்காமல் நின்றேன். அவள் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். தேதிக்குக் கீழே புதிதாக ஒரு வரி: "வயதுக்கு வேறு ஆதாரம் உண்டா?" அதைச் சேர்க்கச் சொல்லிக் களஞ்சியத்திலிருந்து ஒரு மிஸ் வருடத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தாராம். யார் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"இருக்கு" என்று சுவரைக் காட்டினேன். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன் மிஸ். பதினான்கு வரி, தொரையின் ஒப்பம், உங்கள் அலுவலக முத்திரை. அவள் கிட்டப் போய்ப் பார்த்தாள். தாளின் ஓரம் மடிந்த இடத்தில் அந்தப் பையனின் ஐஸ்கிறீம் கொஞ்சம் தெரியும்.

"ஆயா, போஸ்டரை மறுபக்கமா மாட்டிப்போட்டீங்கள்" என்றாள்.

"இல்லம்மா, சரியான பக்கந்தான் மாட்டியிருக்கு. ஒம்பதாம் நம்பர் மலையிலருந்து எழுத ஆரம்பிங்க" என்றேன்.

உங்கள்
நாகலெட்சுமி